வெளியில போட்ட கதிரை

கோவியாதேங்கோ தங்கச்சி, கொஞ்சம் அரக்கி இருக்கிறியளே? இந்தப் பையைக் கீழ வைக்கேலாது. கணவாய்க் கறி. சரிஞ்சுதெண்டால் பஸ் முழுக்க மணக்கும், பிறகு முன்னுக்கு இருக்கிற உந்தக் கிழவி என்னைப் பாக்கிற பார்வையைத் தாங்கேலாது. ஆ, நல்லது, நல்லது.

நீங்கள் எங்கட ஆக்கள் எண்டு ஏறேக்கயே கண்டுட்டன். கடைசி சீற்றில போய் இருக்கிறவர் உங்கட அவர்தானே? ஏன் அங்க போனவர்? உங்களுக்குப் பக்கத்தில இவ்வளவு இடம் கிடக்க, நான் வந்து இருக்கிறன், அவர் அங்க இருக்கிறார். ரெண்டு பேருக்கும் கோவமோ? சரி, சொல்ல விருப்பமில்லாட்டில் விடுங்கோ. நான் ஆற்ற குடும்பத்துக்கையும் மூக்கை நுழைக்கிற ஆளில்லை.

ஆனா ஒண்டு கேக்கவேணும். உங்கட மடியில இருக்கிற என்வலப்பில ஒரு மரப் படம் போட்டிருக்கெல்லே? அந்த மரம் எனக்கு நல்லாத் தெரியும். பிரிஜிற்ர லோயர் ஒஃபிஸ். அவற்ற விசாக் கேஸுக்கோ? முதல்தரமாப் போறியளோ? ம். ஆர் உங்களை அவாட்ட அனுப்பினது? கோயில்ல கண்ட ஒரு அக்காவோ. என்ன பேர்? பேர் கேட்டு வைக்கேல்லையோ! பேர் தெரியாத ஆள் சொன்னதைக் கேட்டு லோயரிட்டப் போறியள். நீங்கள் இன்னும் சின்னப் பிள்ளை, தங்கச்சி.

நான் சொல்லுறதைக் கேளுங்கோ. க்றொய்டன் போய்ச் சேர நேரம் கிடக்கு, றோட்டைக் கிண்டிப்போட்டு ஒரு பக்கத்தாலதான் விடுறாங்கள். எனக்கு அந்த மனிசியில ஒரு நாளும் நம்பிக்கை வரேல்லை. இண்டைக்கும் இல்லை. என்ர தம்பியின்ர கேஸை வெண்டு தந்தவா, அது வேற கதை. வெண்டு தந்ததுக்காக நம்பவேணும் எண்டு சட்டமே?

தம்பியின்ர பேர் கஜீபன். நாங்கள் கஜீ எண்டு கூப்பிடுவம். அம்மா அவனைப் பெத்த கையோட படுத்தவா, பேந்து எழும்பேல்லை. ஊரில, விசுவமடுவில, அவனைத் தூக்கி வளத்தது நான்தான். குளிப்பாட்டினது நான், தீத்தினது நான், ஏடு துவக்கக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது நான். அவனுக்கு எங்க நோகுது எண்டு அவன் வாய் திறக்க முதல் எனக்குத் தெரியும். பிறகு நான் கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்திட்டன். சண்டை வந்தது. அவன் அங்கயே அம்பிட்டுப் போனான். சண்டை எல்லாம் முடிஞ்சு நாலைஞ்சு வருசத்தால ஒரு நாள் ஆமிக்காரர் வீட்டை வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள். எவ்வளவு காலம் வச்சிருந்தவங்கள் எண்டுகூட ஒழுங்காச் சொல்லமாட்டான். பெரியப்பா ஆக்கள் காணியை வித்து, ஆளை வெளியில எடுத்து, ஏஜென்சியைப் பிடிச்சு, எப்பிடியோ என்ர வாசல்ல கொண்டுவந்து விட்டிச்சினம். கதவைத் திறந்த எனக்கு ஆளை மட்டுக்கட்டேலாமல் போச்சு. "அக்கா" எண்டான். குரலை வச்சுத்தான் பிடிச்சனான்.

இஞ்ச வந்தால் அகதி எண்டு கேஸ் போடவேணும், உங்களுக்குத் தெரியும்தானே. தோத்தால் ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள். அனுப்பினால் அங்க இறங்கின உடன தூக்குவாங்கள். அதோட சரி, என்ர தம்பியை நான் பேந்து காணமாட்டன். இந்தப் பயம் இருக்கே, அடுப்பில உலை வச்சிட்டு நிண்டாலும் அதுதான், படுத்தாலும் அதுதான். அதால நான் சும்மா நிக்கேல்லை. உடன எங்கட ஊர்ச் சிவலோகன் அண்ணையிட்டக் கூட்டிக்கொண்டு போனன்.

சிவலோகன் அண்ணை படிச்ச லோயர் இல்லை. ஆனா லோயர்மாரைவிடக் கூடக் கேஸ் பாத்தவர். பலசரக்குக் கடைக்கு மேல ஒரு அறை, சுவர் முழுக்கச் சாமிப் படம், நல்ல கார். அவரிட்ட வெண்ட கதை எண்டு ஒண்டு இருந்தது. ஆரோ ஒருத்தருக்கு அந்தக் கதையால விசா கிடைச்சிட்டுது. அதையே ஊரை மாத்தி, பேரை மாத்தி, பிடிச்ச இடத்தை மாத்தி மற்றாக்களுக்கும் எழுதிக் குடுப்பார். இதில என்ன பிழை? ஒரு காய்ச்சலுக்குத் தந்த குளிசை மற்றவன்ர காய்ச்சலுக்கும் கேக்கும்தானே. கஜீ அந்த அறையில இருந்து, "அண்ணை, எனக்கு நடந்தது அப்பிடியில்லை" எண்டு ஏதோ சொல்ல வெளிக்கிட்டவன். நான்தான், "நீ சும்மா இரடா, அண்ணைக்குத் தெரியும்" எண்டு அடக்கினனான். பிறகு பின்னேரத்தில குசினி மேசையில இருத்தி அந்தக் கதையைப் பாடமாக்கினனான். நான் கேள்வி கேப்பன், அவன் பதில் சொல்லவேணும். பிழைச்சால் திருப்பி முதல்ல இருந்து.

அவ்வளவு பாடுபட்டும் இன்ரவியூவில போய்ச் சொதப்பிப்போட்டு வந்தான். பிடிச்சு வச்சிருந்த இடத்தின்ர கூரை தகரமோ ஓடோ எண்டு கேட்டிருக்கிறாங்கள், இவனுக்குத் தெரியேல்லை. எப்பிடித் தெரியும், அது அவன் இருந்த இடமில்லையே! இதே கதையை வேற ஆக்களும் வந்து சொன்னவை எண்டும் சொல்லியிருக்கிறாங்கள். நம்பத்தக்க ஆள் இல்லை எண்டு றிஃபியூஸ் பண்ணிப்போட்டாங்கள்.

எனக்கு உடன விளங்கிட்டுது. ஆரோ காட்டிக் குடுத்திட்டினம். என்ர மனிசன்ர மச்சான் ஒருத்தர் இருக்கிறார், எங்களில சரியான எரிச்சல், அவற்ற வேலைதான். இண்டைக்கு வரைக்கும் அந்த ஆளோட நான் முகம் குடுத்துக் கதைக்கிறதில்லை. சிவலோகன் அண்ணைக்கு ஃபோன் அடிச்சால் எடுக்கிறாரில்லை. பாவம், அவருக்கும் அந்த நேரம் என்ன கரைச்சலோ.

அப்பதான் கீழ்வீட்டு ஹோதான், சோமாலிப் பொம்பிளை, படியில வச்சுச் சொன்னவா, பிரிஜிற் எண்டு ஒரு லோயர் இருக்கிறா, தன்ர மனிசனை மறியல் வீட்டுக்குள்ள இருந்து எடுத்துத் தந்தவா எண்டு. பிரிஜிற் எண்டவுடன கன்னியாஸ்திரியாக்கும் எண்டு நினைச்சன். போய்ப் பாத்தால், ஐயோ தங்கச்சி, சைக்கிள்ல வந்து இறங்குது! தலையில ஹெல்மெற், காச்சட்டையைச் சொக்ஸுக்குள்ள விட்டிருக்குது, தலைமயிர் பறந்துபோய் நிக்குது. ஒரு கார் வாங்க வக்கில்லாத லோயர் என்ன கேஸை வெல்லப் போகுது எண்டு கூட வந்த என்ர இவருக்கு மெதுவாச் சொன்னன். இவர், "சும்மா இரப்பா, பாப்பம்" எண்டார். இவர் எப்பவும் அப்பிடித்தான், ஆரையும் நம்புவார்.

காசு வேண்டாமாம். அரசாங்கம் குடுக்குமாம். நீங்களே சொல்லுங்கோ, அரசாங்கத்துக்கு எதிராக் கேஸ் பேச அரசாங்கமே காசு குடுக்குமோ? ஆற்ற காதில பூச் சுத்துகினம்? அண்டைக்கே எனக்குப் பொறி தட்டினது. இவ அவையின்ர ஆள். எங்கட வாயைக் கிண்டி அங்க கொண்டுபோய்க் குடுக்கத்தான் இந்தச் சைக்கிளும் கோலமும் எண்டு நினைச்சன். சரி, ஒரு மரியாதைக்கு றோல்ஸ் பொரிச்சுக் கொண்டு போனனான், ஆட்டிறைச்சி போட்டு, சுடச்சுட. தொடேல்லை! தான் இறைச்சி சாப்பிடுறேல்லையாம், வாங்கவும் கூடாதாம். எங்கட கைச்சாப்பாட்டைத் தொடாத ஆள் எங்களுக்காக வாய் திறக்குமோ?

கஜீயிட்ட ஒரு கேள்வி கேட்டா. நான் பதில் சொன்னன். ரெண்டாவது கேள்வியும் கேட்டா. அதுக்கும் நான்தான் சொன்னன். பின்ன, அவன் வாயைத் திறந்தால் உளறுவான், இன்ரவியூவில பாத்தம்தானே. மூண்டாம் கேள்வியோட பேனையை மேசையில வச்சிட்டு என்னைப் பாத்தா. கோவமாப் பாக்கேல்லை. கோவமாப் பாத்திருந்தால் நானும் ரெண்டு குடுத்திருப்பன். ஒரு மாதிரித் தன்மையாப் பாத்து, "அக்கா, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில இருக்கேலுமோ?" எண்டு மொழிபெயர்க்கிற ஆளிட்டச் சொல்லிக் கேட்டா. "ஏன்? எங்கட குடும்பத்தில ஒளிச்சுக் கதைக்கிற பழக்கமில்லை" எண்டன். அவா கஜீயைப் பாத்தா. அந்தக் கழுதை நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தது. அக்கா இருக்கட்டும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

வாசலுக்குப் பக்கத்தில ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டிருக்கு, நீங்களும் காணுவியள். ஆக்கள் வந்து போகக் கதவு திறபடும், திறக்கத் திறக்கக் குளிர் முகத்தில வந்து அடிக்கும். வளத்துவிட்ட அக்காவை அதில இருத்திப்போட்டு, நேற்று வந்தவள் உள்ளுக்க இருந்து என்ர தம்பியோட கதைக்கிறாள்! எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கதிரையைத் தூக்கி எறிஞ்சிருப்பன்.

இன்னும் கேளுங்கோ. முதல் நாள் மொழிபெயர்க்க வந்தவர் எங்கட ஆள், சாவகச்சேரிப் பக்கம், இவருக்கும் தெரிஞ்சவர். நல்ல மனிசன். அண்டைக்குக் கஜீ உள்ளுக்க ஒண்டுமே கதைக்கேல்லையாம். அடுத்த முறை போறம், அந்த ஆளைக் காணேல்லை. மலேசியாக்காரர் ஒருத்தரைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறா! தமிழ்தான், ஆனா அவர் கதைக்கிறது எனக்கு அரைவாசி விளங்காது. "எங்கட ஆள் எங்க?" எண்டு கேட்டன். கஜீயிட்டக் கேட்டுத்தான் மாத்தினவாவாம், எங்கட ஆக்களோட பழக்கமில்லாத ஒருத்தர் வேணும் எண்டு. பாத்தியளே வேலையை? எங்கட ஆள் எண்டால் இவருக்கு ஒரு சொல் சொல்லியிருப்பார், உள்ளுக்க என்ன நடக்குது எண்டு எனக்கும் தெரிஞ்சிருக்கும். அந்த வழியையும் அடைச்சுப்போட்டா.

ஓம், கதவில காது வச்சனான். ஏன் பொய் சொல்லுவான். மூண்டு பேர் உள்ளுக்க இருக்கினம், ஒரு சத்தமில்லை. கேள்வியுமில்லை, பதிலுமில்லை. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்கிறன், அப்பிடியே கிடக்குது. எங்கயாவது ஒரு லோயர் கேள்வி கேக்காமல் சும்மா பாத்துக்கொண்டு இருப்பாளோ? பிறகு கதிரை இழுபட்ட சத்தம் கேட்டுது, ஓடிவந்து இருந்திட்டன். பிரிஜிற் வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போனா. மூக்கு நுனி சிவந்து கிடந்தது. அவனிட்ட ஏதோ எழுதி வாங்கிப்போட்டாள் எண்டு நினைச்சன்.

திரும்பி வரேக்க அவன் பஸ்ஸில எப்பவும்போலக் கடைசி சீற்றில போய் இருந்திட்டான், நான் தனிய முன்னுக்கு. பிறகு ஒரு டொக்டரிட்ட அனுப்பினவா, காயம் பாக்கவாம். அதுக்கும் நான் வரக்கூடாது. காயம் எனக்குத் தெரியாதோ? நானல்லோ அவனைக் குளிப்பாட்டினனான்! என்ன, அது சின்னனில. வந்த நாளில இருந்து எந்தப் புழுக்கத்துக்கும் சேட்டைக் கழட்டமாட்டான், அது வேற.

ஒரு நாள் என்னைத் தனியக் கூப்பிட்டா. இவ்வளவு நாளும் வெளியில இருத்தினவள் இப்ப உள்ளுக்குக் கூப்பிடுறாள், என்ன சூழ்ச்சியோ எண்டு போனன். "வீட்டில கஜீ எப்பிடி?" எண்டு கேட்டா. நான் முதல்ல நல்லாத்தான் சொன்னன். கெட்டிக்காரன், கோயிலுக்குப் போவான், குடி வெறி இல்லை. ஒண்டையும் எழுதேல்லை. தலையை ஆட்டிக்கொண்டு இருந்தா. எனக்கும் அலுத்துப்போய், மனசில கிடந்ததைக் கொட்டிப்போட்டன்.

என்னத்தைச் சொல்ல, தங்கச்சி! சரியான சோம்பேறி. விடிய விடிய லைற்றைப் போட்டுவிட்டுப் படுப்பான், நிப்பாட்டினால் எழும்பி இருந்திடுவான். தலைமயிர் வெட்டப் போகான், பின்னுக்கு ஆள் நிக்கக் கூடாதாம், நான் கத்தரிக்கோலை எடுத்தாலும் எழும்பிப் போயிடுவான். வீட்டில எங்க இருந்தாலும் முதுகு சுவரில முட்டவேணும். என்ர சோபா நடுவில கிடந்தது, அதையும் இழுத்துச் சுவரோட விட்டிட்டான். ஒரு நாள் குசினியில நிண்டவனைப் பின்னால போய்த் தோளில தட்டினன், சாப்பிடத்தான் கூப்பிட்டனான். கையில கிடந்த கோப்பையைப் போட்டு உடைச்சு, என்ர கலியாணத்துக்கு வந்த செற் அது, நிலத்தில குந்தி ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கொண்டு இருந்தான். "என்னடா நாடகம் போடுறாய்?" எண்டு நல்லாப் பேசிவிட்டன். கோப்பைக்குப் பேசாமல் விடுவனே?

அப்ப பாக்கவேணும் அந்த மனிசியை. நான் சொன்ன நல்லது ஒண்டையும் எழுதாதவள், குறை சொல்லத் துவங்கினவுடன விறுவிறு எண்டு எழுதுறாள்! அந்தக் கோப்பைக் கதையைத் திருப்பியும் சொல்லச் சொன்னா. முடிய, "அக்கா, இதைக் கோட்டில வந்து சொல்லவேணும். இப்ப சொன்ன மாதிரியே. நல்லதாக்கிச் சொல்ல வெளிக்கிடாதேங்கோ" எண்டா. என்ர தம்பியை என்ர வாயாலயே குறை சொல்லவச்சு, அவனை ஏத்தி அனுப்பப் போறாள் எண்டுதான் நினைச்சன். நீங்கள் எண்டால் வேற என்ன நினைப்பியள்?

அதைவிடப் பெரிய அநியாயம் ஒண்டு இருக்கு. சிவலோகன் அண்ணை எழுதின கதை பொய் எண்டு கஜீயே ஜட்ஜிட்டச் சொல்லவேணுமாம்! ஒரு தரம் பொய்காரன் எண்டு சொல்லித்தான் றிஃபியூஸ் பண்ணினவங்கள். இப்ப இவள் அவன்ர வாயாலயே ஓம் நான் பொய்தான் சொன்னனான் எண்டு சொல்லவைக்கிறாள். எந்த லோயராவது இப்பிடிச் செய்வானோ? வீட்டை வந்து கத்தினன். "அவளை விடு, வேற ஆளைப் பாப்பம், சிவலோகன் அண்ணைக்குத் திருப்பி அடிச்சுப் பாக்கிறன்" எண்டு ஃபோனைக் கையில எடுத்திட்டன். கஜீ சுவரோட இருந்தவன் எழும்பி வந்தான். ஃபோனை என்ர கையில இருந்து வாங்கி மேசையில வச்சான். "அக்கா, ஒருக்கால் நான் கதைக்கிறன்" எண்டான். அவ்வளவுதான் சொன்னவன். அவன் பிறந்து அண்டைக்கு வரைக்கும் என்ர சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதில்லை. வசியம் கிசியம் வச்சிட்டாளோ எண்டு ஒரு நூலும் மந்திரிச்சுக் கட்டினனான் அவன்ர கையில. பகிடியில்லை, உண்மையா.

கோட்டுக்குப் போன அண்டைக்கும் அதே கதைதான். சாட்சிக்காரர் வெளியில இருக்கவேணுமாம். கஜீ உள்ளுக்க. உள்ளுக்க வேற ஆக்களும் இருக்கக் கூடாது எண்டு பிரிஜிற் முதலே கேட்டு எடுத்திட்டாவாம், கதவில ஒரு தாளும் ஒட்டியிருந்தது. நான் அந்தக் கொறிடோரில ஃபிளாஸ்க்கும் தேத்தண்ணியுமா இருக்கிறன். தோத்தால் இதுதான் கடைசி, தெரியுமோ? பிளேனில ஏத்திவிடுவாங்கள், அங்க இறங்குவான், பிறகு ஒரு சத்தமும் இராது. அந்த மலேசியாக்காரர் கதவைத் திறந்து வெளியில வந்தார். ஓடிப்போய், "அண்ணை, என்ன சொல்லுறான் உள்ளுக்க?" எண்டு கேட்டன். அவர் என்ர முகத்தைப் பாக்கேல்லை. "உள்ள கேட்டத உள்ளயே விட்டுட்டுதான் நான் வெளிய வருவேன்க்கா" எண்டிட்டுப் போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுப் போட்டார். ஒரு கண்ணாடியில எவ்வளவு ஊத்தை இருக்கும், சொல்லுங்கோ.

பேந்து என்னைக் கூப்பிட்டாங்கள். ஜட்ஜ் ஒரு வயசான மனிசி, தன்ர பாட்டில எழுதிக்கொண்டு இருந்தா. கஜீ குனிஞ்ச தலை நிமிரேல்லை. பிரிஜிற் கேக்க, கோப்பைக் கதை, சோபாக் கதை, லைற்றுக் கதை எல்லாம் சொன்னன். சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கோவம் திருப்பியும் வந்திட்டுது, நல்லாத்தான் பேசிப்போட்டன் அவனை, கோட் எண்டும் பாக்கேல்லை. பிறகு அரசாங்கப் பக்கத்து லோயர் எழும்பினார், மெல்லிசா ஒரு மனிசன். "உங்கட தம்பியைக் காப்பாத்தத்தானே இதெல்லாம் சொல்லுறீங்கள்?" எண்டார். "காப்பாத்தவோ? குறையெல்லோ சொல்லுறன்! உங்கட வீட்டுக் கோப்பையை உடைச்சால் சும்மா விடுவியளோ?" எண்டன். முதல் கதை ஆற்ற வேலை எண்டு கேட்டார். "நான்தான் கூட்டிக்கொண்டு போனனான், நான்தான் பாடமாக்கினனான். அக்கா செய்யாமல் வேற ஆர் செய்யிறது?" எண்டன். எனக்கென்ன பயம்?

கடைசியா ஒண்டு கேட்டார் பாருங்கோ. "அங்க அவருக்கு என்ன நடந்ததெண்டு உங்களுக்குச் சொன்னவரோ?"

என்னட்ட எல்லாம் சொல்லுவான் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன். கஜீயைப் பாத்தன். அவன்ர காது சிவந்து கிடந்தது, சின்னனில பிழை செய்துபோட்டு நிக்கிறமாதிரி. "இல்லை" எண்டன். "இந்த வெள்ளைக்காரிக்குச் சொல்லியிருக்கிறான். அந்த மலேசியாக்காரருக்குச் சொல்லியிருக்கிறான். உங்களெல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் வளத்த பிள்ளை" எண்டு சொல்லி அழுதுபோட்டன். கவலையில இல்லை, கோவத்தில. ஜட்ஜ் எழுதின கையை நிப்பாட்டிப்போட்டு என்னையும் பாத்தா, அவனையும் பாத்தா. அந்த மெல்லிசு மனிசன் ஃபைலை மூடிப்போட்டு இருந்திட்டார். அதோட திருப்பியும் என்னை வெளியில விட்டிட்டாங்கள்.

வெண்டிட்டம். கஜீ என்ர வேலையிடத்துக்கு வந்து சொன்னான், நான் அப்ப கடையில மரக்கறி அடுக்கிக்கொண்டு நிண்டனான். "அக்கா, வெண்டிட்டம்" எண்டான். அந்தக் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு மேல இருந்து அழுதனான், முதலாளி தண்ணி கொண்டுவந்து தந்தார். என்ர தம்பியை இனி ஒருத்தனும் பிளேனில ஏத்தேலாது. அந்தச் சந்தோசத்தைச் சொல்லத் தெரியேல்லை எனக்கு.

ஆனா அந்த மனிசி செய்த வேலை செய்ததுதான். விசா கையில வந்த உடன கஜீ தனி அறை எடுத்துக்கொண்டு போயிட்டான், உந்த க்றொய்டனுக்கு அங்கால. வேலையும் பாக்கிறான், கிழமைக்கு ஒருக்கால் ஆரோ டொக்டரிட்டயும் போய்க் கதைச்சுப்போட்டு வாறானாம். டொக்டரிட்டப் போய் என்ன கதை? எல்லாம் அவள் பழக்கினதுதான். அதுதான் நான் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலையிறன், புட்டும் கணவாய்க் கறியும். போன சனிக்கிழமை சாப்பாட்டைப் போட்டுக் குடுத்திட்டு நேராக் கேட்டன். "இப்ப எல்லாம் முடிஞ்சுதுதானே. அப்பிடி என்னடா அவளுக்குச் சொன்னனீ, எனக்குச் சொல்லேலாதது?"

கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நிண்டுது. பிறகு சொன்னான், "அக்கா, நீங்கள் என்னைக் குளிப்பாட்டி வளத்த ஆள். உங்களுக்கு அதைச் சொல்லேலாது."

கேட்டியளே? குளிப்பாட்டின ஆளுக்குச் சொல்லேலாததைச் சைக்கிள்ல வாறவளுக்குச் சொல்லலாமாம். இன்னும் கொஞ்சம் கறி விட்டன். அவன் சாப்பிட்டான். நான் போய்க் குசினியில நிண்டு பைப்பைத் திறந்துவிட்டிட்டுக் கொஞ்ச நேரம் நிண்டன்.

அந்தா, சிக்னல் விழுந்திட்டுது. அடுத்த ஸ்ரொப் உங்கடதான், மணியை அடியுங்கோ. என்வலப்பை மறந்திடாதேங்கோ.

தங்கச்சி, உங்கட அவர் எப்பவும் கடைசி சீற்றிலதானோ இருக்கிறவர்? ஆ. வீட்டில? சுவர்ப் பக்கமோ. லைற்? ம். சரி. சரி, சொல்லவேண்டாம். நான் கேக்கேல்லை.

இஞ்ச பாருங்கோ. அவளை நம்பச் சொல்லேல்லை நான், ஒருக்காலும் சொல்லமாட்டன். ஆனா உள்ளுக்கு அவர் தனியப் போகட்டும். நீங்கள் போகாதேங்கோ. அவர் வரச்சொன்னாலும் போகாதேங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ. கதவில காது வைக்காதேங்கோ, ஒண்டும் கேக்காது. வெளியில வரேக்க என்ன சொன்னனீங்கள் எண்டு கேக்காதேங்கோ, பசிக்குதோ எண்டு மட்டும் கேளுங்கோ. அந்த இடம் சரியான குளிர், இந்தாங்கோ என்ர சால்வை. பிடியுங்கோ அப்பா, எனக்கு வேண்டாம். திருப்பித் தரவேணும் ஆனா, நான் சனிக்கிழமையில இந்த பஸ்ஸிலதான் வாறனான், தராமல் விட்டால் தேடி வருவன்.

நிப்பாட்டிட்டான். போங்கோ, போய் அவரைக் கூப்பிடுங்கோ. பின்னால போய்த் தோளில தட்டாதேங்கோ, பிள்ளை. முன்னால நிண்டு, முகம் தெரியக் கூப்பிடுங்கோ.